அக்ரிலிக் நெயில்ஸ் போட்டாலும் சொந்த நகம் கெடாம இருக்க என்ன வழி? (மதுரை வெயில், மருதாணி, அடுக்களை வேலை எல்லாம் சேர்த்து)

மேலூர்ப்பொண்ணு:
ஆவணி முகூர்த்தத்துக்கு மணப்பெண்ணுக்கு அக்ரிலிக் (லிக்விடையும் பவுடரையும் கலந்து நகத்து மேல கட்டுற செயற்கை நகம்) போடணும்னு பேச்சு. "கழட்டினா நகம் மெலிஞ்சு வளைய ஆரம்பிச்சிரும், வேணாம்"னு வீட்டுப் பெரியவங்க சொல்றாங்க. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. அக்ரிலிக்கே நகத்தைத் தின்னுதா, இல்ல போடுற முறைதான் கெடுக்குதா? கல்யாணத்துக்கு எத்தனை நாள் முன்னாடி போடணும்? மருதாணி முதல்லயா, நகம் முதல்லயா? மாவு கரைக்கிறது, பாத்திரம் தேய்க்கிறது, பூ கட்டுறது எல்லாம் முடியுமா? கழட்டுறது எப்படின்னும் கொஞ்சம் விளக்கமா வேணும்.

நகவேலை_மதுரை:
அக்ரிலிக் நகத்தைத் தின்னாதும்மா. நாம பார்க்கிற நகத்தகடு உயிரில்லாத கெரட்டின். அதோட கனம் சுமார் அரை மில்லிமீட்டர்தான். மேலே உட்கார்ற பிளாஸ்டிக் அதை அரிக்கிறதில்லை. நகம் மெலியறது ரெண்டு நேரத்துல: போடுறதுக்கு முன்னாடி "நல்லாப் பிடிக்கணும்"னு ராவுறப்போ, கழட்டுறப்போ நெம்புறப்போ. இந்த ரெண்டையும் ஒழுங்காச் செஞ்சா மத்ததெல்லாம் சமாளிக்கக்கூடிய விஷயம்.

போடுற முறை சொல்றேன். முதல்ல கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நல்லாத் துடைக்கணும். சில இடத்துல மெனிக்யூர் மாதிரி வெந்நீர்ல ஊற வைக்கிறாங்க, அது கூடாது. நகம் தண்ணி குடிச்சு விரியும். மேல அக்ரிலிக் போட்டப்புறம் அந்தத் தண்ணி வத்தி நகம் சுருங்கும், ஓரம் தூக்கிரும். எண்ணெய் தேய்ச்சுக் குளிச்ச அன்னைக்கும் போட வேணாம்.

அடுத்து கியூட்டிக்கிள். நகத்து மேல படிஞ்சிருக்கிற மெல்லிய செத்த தோலை மட்டும் மரக்குச்சியால மெதுவாத் தள்ளி எடுக்கணும். நகக்கண் ஓரத்துல உயிரோட இருக்கிற தோலை வெட்டக் கூடாது, நகச்சுத்தி வர்றதுக்கு அதுவே வாசல்.

அப்புறம்தான் ஃபைல். சொந்த நகத்துக்கு 180 கிரிட் (இந்த எண் கூடக்கூட ஃபைல் நைசா இருக்கும்), மெல்லிசான நகத்துக்கு 240. நகம் வளர்ற திசையிலேயே லேசா ரெண்டு மூணு இழுப்பு. மினுமினுப்பு போனாப் போதும், அதுக்கு மேல ஒரு இழுப்பும் வேணாம். 80, 100 கிரிட் எல்லாம் அக்ரிலிக்கைச் சீர் பண்ண மட்டும். அது சொந்த நகத்துல பட்டுச்சுன்னா அடுக்கடுக்கா உரிச்சிரும்.

தூசியைத் தட்டிட்டு டிஹைட்ரேட்டர் (நகத்து ஈரத்தை எடுக்கிறது), அதுக்கு மேல பிரைமர் (அக்ரிலிக் ஒட்டப் பிடிமானம் குடுக்கிறது). பிரைமர் பிரஷ்ஷை பாட்டில் வாயில நல்லா வழிச்சிட்டு, நகத்து நடுவுல ஒரு பொட்டு வச்சாப் போதும், தானாப் பரவும். தோல்ல படவே கூடாது. ஆசிட் பிரைமர் தோலைச் சுட்டுரும். சாதாரண நகத்துக்கு ஆசிட் இல்லாத பிரைமரே தாராளம்.

லிக்விடும் பவுடரும் சேர்ற அளவு ஒன்றரைக்கு ஒண்ணு. கண்ணால பார்க்கிறது எப்படின்னா, பிரஷ் நுனியில உருண்டை பளபளன்னு இருக்கணும், சில நொடியில தானா வழவழன்னு ஆகணும், சொட்டக் கூடாது. ரொம்ப ஈரமா இருந்தா தோல்ல வழியும், காய்ஞ்சப்புறம் பலமிருக்காது, இறுகாத மோனோமர் (லிக்விட்ல இருக்கிற ரசாயனம்) உள்ளேயே தங்கும். ரொம்பக் காய்ஞ்சிருந்தா நகத்தோட ஒட்டாது. முதல் உருண்டை நுனிக்கு, ரெண்டாவது நடுவுக்கு, மூணாவது சின்னதா நகக்கண் பக்கம். தோலுக்கும் அக்ரிலிக்குக்கும் நடுவுல ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விடணும். கியூட்டிக்கிள் பக்கமும் நுனியும் மெல்லிசா, அபெக்ஸ் மட்டும் கொஞ்சம் மேடா இருக்கணும். அபெக்ஸ்ங்கிறது சொந்த நகம் விரலை விட்டுப் பிரியிற இடத்துக்குச் சற்றுப் பின்னாடி வர்ற மேடு. அது இல்லாத நகம் எங்கயாவது இடிச்சா சொந்த நகத்தையும் சேர்த்து நடுவுல ஒடிச்சிரும்.

டிப் (நகத்தை நீட்ட ஒட்டுற பிளாஸ்டிக் நுனி) ஒட்டுறதா இருந்தா அது சொந்த நகத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல ஏறக் கூடாது. நகத்து நுனிக்கு அடியில பேப்பர் ஃபார்ம் (அச்சு) வச்சுக் கட்டினா பசையே வேணாம். வேலைப்பாடு தெரிஞ்ச கைன்னா ஃபார்ம்தான் நல்லது.

அனுப்பானடி_அக்கா:
தம்பி சொன்னது எல்லாம் சரி. நம்ம ஊர் வெயிலைச் சேர்க்கணும். அக்ரிலிக் வேலைக்கு 21-லிருந்து 24 டிகிரி வரைக்கும் உள்ள அறை தோது. சித்திரை, வைகாசில வெளிய 39, 40 ஓடுறப்போ ஏசி இல்லாத அறையில உருண்டையை வச்சு அமுக்குறதுக்குள்ள இறுகிரும். நகத்தோட ஒட்டிப் பிடிக்கிறதுக்கு நேரமே கிடைக்காது, ரெண்டு நாள்ல ஓரம் தூக்கும். இதுக்குப் பல பேர் செய்யிற வைத்தியம் லிக்விடைக் கூட்டுறது. அது தப்பு. உருண்டையைச் சின்னதாக்குங்க. லிக்விடைக் கிண்ணத்துல கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி, வேலை இல்லாதப்போ மூடி வைங்க. பத்து நகத்துக்கும் ஒரே மூச்சா பிரைமர் வைக்காம ஒரு கைக்கு மட்டும் வைங்க.

ஃபேன் காத்து நேரா மேசையில அடிக்கக் கூடாது, லிக்விட் ஆவியாகி அளவு மாறிரும். அதுக்காக அறையை அடைச்சுப் போட்டும் செய்யாதீங்க. ஆவி வெளியே போக எக்ஸாஸ்ட் வேணும். துணி மாஸ்க் தூசியைத்தான் ஓரளவு தடுக்கும், ஆவியைத் தடுக்காது.

ஐப்பசி மழையில வேற சிக்கல். காத்துல ஈரம் ஏறி, துடைச்ச நகம் திரும்பவும் ஈரம் வாங்கும். டிஹைட்ரேட்டர் போட்ட கையோட வேலையை ஆரம்பிச்சிரணும், நடுவுல டீ குடிக்கப் போகக் கூடாது.

இன்னொண்ணு. அக்ரிலிக் இறுகுறப்போ சூடு வரும். மெல்லிசா இருக்கிற நகத்துல தடிமனா ஒரே உருண்டையா வச்சா கஸ்டமருக்குச் சுரீர்னு எரியும். எரியுதுன்னு சொன்னா "அப்படித்தான் இருக்கும்"னு விட்டுரக் கூடாது. நகம் ஏற்கெனவே ராவி மெலிஞ்சிருக்குன்னு அர்த்தம்.

திருநகர்த்தென்றல்:
லேபிள் இல்லாம பாட்டில்ல ஊத்திக் குடுக்கிற லிக்விட் பாதி விலைக்குக் கிடைக்குதே. பல் செட் கட்டுற லேப்ல வர்றதும் இதே சரக்குதான்னு சொல்றாங்க. வித்தியாசம் உண்டா?

தோல்_மருத்துவம்:
பெரிய வித்தியாசம் உண்டு. பல் செட் செய்யப் பயன்படும் திரவம் மெத்தில் மெத்தாகிரிலேட், சுருக்கமாக எம்எம்ஏ. நகத்துக்கு இருக்க வேண்டியது எத்தில் மெத்தாகிரிலேட், அதாவது இஎம்ஏ. செயற்கை நகம் பல் மருத்துவத்திலிருந்து வந்தது என்பது உண்மைதான், ஆரம்ப காலத்தில் எம்எம்ஏ-தான் புழங்கியது. நகச் சேதம், ஒவ்வாமைப் புகார்கள் வந்ததால் 1970-களிலேயே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் முழு எம்எம்ஏ கொண்ட நகத் திரவங்களைச் சந்தையை விட்டு எடுக்க வைத்தது.

காரணம் எளிது. எம்எம்ஏ இறுகினால் அளவுக்கு மீறிக் கெட்டியாகும். விரல் கதவில் இடித்தால் இஎம்ஏ நகம் உடையும், எம்எம்ஏ நகம் உடையாமல் சொந்த நகத்தை அதன் படுகையிலிருந்து பிடுங்கும். அது ஒட்டுவதற்காக நகத்தை அதிகம் ராவுவார்கள். அக்ரிலிக்கைக் கழற்றப் பயன்படும் அசிட்டோன் திரவத்தில் கரைவதும் அரிது, ஆகவே கழற்றும்போதும் ராவலும் நெம்பலும்தான். கண்டுபிடிக்க வழி: மூக்கைத் துளைக்கும் வேறுமாதிரியான நெடி, 100 கிரிட் ஃபைல் போட்டாலும் நகராத கெட்டித்தன்மை, அசிட்டோனில் அரை மணி நேரம் வைத்தும் இளகாமல் இருப்பது. லேபிளில் எத்தில் மெத்தாகிரிலேட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். லேபிளே இல்லாத பாட்டிலை விலையைப் பார்த்து வாங்காதீர்கள்.

இத்துடன் ஒவ்வாமையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதுதான் திரும்பப் பெற முடியாத இழப்பு. இறுகாத மோனோமர் திரும்பத் திரும்பத் தோலில் பட்டால் உடல் அதை எதிரியாக அடையாளம் வைத்துக்கொள்ளும். நகத்தைச் சுற்றி அரிப்பு, சிவப்பு, சிறு கொப்புளம், விரல் நுனித் தோல் வெடிப்பு, சிலருக்குக் கை பட்ட கண்ணிமையில் வீக்கம். ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் இருக்கும். பின்னாளில் பல் அடைப்பு, மூட்டு மாற்று அறுவையில் பயன்படும் எலும்புச் சிமெண்ட், சர்க்கரை அளவு பார்க்கத் தோலில் ஒட்டும் சென்சார் ஆகியவற்றிலும் இதே குடும்ப ரசாயனங்கள் உண்டு. எனவே அரிப்பு வந்தால் "பிராண்டை மாத்திப் பார்க்கலாம்" என்று தொடராதீர்கள். கழற்றிவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது.

நகம் போட்டுவிடுபவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். சாதாரண ரப்பர் கையுறையை இந்த மோனோமர் எளிதில் ஊடுருவும். நைட்ரைல் கொஞ்சம் மேல், ஆனால் அதுவும் சில நிமிடங்கள்தான் தாங்கும். திரவம் பட்டவுடன் மாற்ற வேண்டும்.

மேலூர்ப்பொண்ணு:
ரொம்ப நன்றிங்க டாக்டர். மருதாணியும் வீட்டு வேலையும் யாராவது சொல்லுங்களேன்.

மல்லிப்பந்து:
கோன் மெஹந்தின்னா நகம் முதல்ல. முகூர்த்தத்துக்கு மூணு நாள் முன்னாடி அக்ரிலிக், மறுநாள் மெஹந்தி. மாத்திச் செஞ்சா ஃபைல் தூசி, கை கழுவுறது, அசிட்டோன் துடைப்பு எல்லாம் சேர்ந்து மெஹந்தி நிறத்தை இறக்கிரும். மெஹந்தி காய்ஞ்சப்புறம் தேய்க்கிற தைலம், எண்ணெய் நகத்துல இருந்தாலும் அக்ரிலிக் பிடிக்காது. மெஹந்தி வைக்கிறப்போ நகத்து மேல கொஞ்சம் வாசலின் தடவிக்கிட்டா சாயம் ஏறாது.

இலையை அரைச்சு விரல் நுனிக்குத் தொப்பி வைக்கிற பழக்கம் உள்ள வீடுன்னா வேற கணக்கு. அது நகம் முழுக்க மூடும். அதை அஞ்சாறு நாள் முன்னாடியே வச்சு முடிச்சிட்டு, கையில எண்ணெய்ப் பசை போனப்புறம் நகம் போடுங்க. சிவந்த நகத்து மேல அக்ரிலிக் போடுறதுல கெடுதல் ஒண்ணும் இல்ல. ஆனா கிளியர், வெளிர் ரோஸ் எல்லாம் போட்டா உள்ள ஆரஞ்சாத் தெரியும், அடர் நிறமாத் தேர்ந்தெடுக்கணும்.

பூ கட்டுறதுக்கு நீளம்தான் பிரச்சினை. நாரைச் சுத்தி முடிச்சுப் போடுறது விரல் நுனிச் சதையால, நகம் விரலைத் தாண்டி நீண்டா நார் மாட்டும். வேலை செய்யிற கைக்கு, விரல் நுனியைத் தாண்டி நீட்டுறது நகப்படுகை நீளத்துல பாதிக்குள்ள இருக்கட்டும். நீளம் கூடக்கூட நுனியில விழுற சின்ன இடி கூட நகத்தோட வேர்ப்பக்கம் நெம்புகோல் போட்ட கணக்கா இறங்கும். அடிப்பகுதி நகம் படுகையை விட்டுப் பிரியிறது பெரும்பாலும் அப்படித்தான். கூர்மையான ஸ்டிலெட்டோ எல்லாம் போட்டோவுக்கு. வீட்டுக்குச் சின்ன ஓவல்.

மாவைக் கையால கரைக்காதீங்க, கரண்டி போதும். நகத்து அடியில மாவு தங்கிப் புளிச்சுக் கிடக்கும். சாப்பிட்டதும் மென்மையான நெயில் பிரஷ்ஷால அடிப்பக்கம் கழுவணும். குச்சியோ ஊக்கோ விட்டு நோண்டுனா நகத்துக்கும் சதைக்கும் நடுவுல இருக்கிற அடைப்பு கிழியும். பாத்திரத்துக்கு கையுறை கட்டாயம், உள்ளே மெல்லிசா பருத்திக் கையுறை போட்டா வேர்வை ஊறாது. மஞ்சள் கறை தடுக்கணும்னா ஜெல் டாப் கோட் (மேல்பூச்சு).

விளக்கேத்துறப்போ நீளத் தீக்குச்சியோ லைட்டரோ வச்சுக்கோங்க. அக்ரிலிக் தீப்பிடிக்கும். அடுப்புல பூரி, வடை எடுக்கிறப்பவும் கவனம்.

வைகைக்கரை:
ரீஃபில், அதாவது நகம் வளர்ந்து வெறுமையாகுற இடத்தை அக்ரிலிக் வச்சு நிரப்புறது பத்தி யாரும் சொல்லலையே. கல்யாணம் முடிஞ்சும் வச்சிருக்கிறவங்க இதுலதான் கோட்டை விடுறாங்க.

கைநகம் மாசத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். ரெண்டு மூணு வாரத்துல நகக்கண் பக்கம் ரெண்டு மில்லிமீட்டர் வெறும் இடம் தெரியும். அசிங்கமாத் தெரியுதுங்கிறது சின்ன விஷயம். அபெக்ஸும் அதே அளவு முன்னாடி நகர்ந்து, பாரம் நுனிக்குப் போயிருது, அதான் உடையிறதுக்குக் காரணம். மூணு வாரத்தைத் தாண்ட விடாதீங்க.

ஓரம் தூக்கியிருந்தா அதைச் சூப்பர் க்ளூ வச்சு ஒட்டவே கூடாது. ஈரமும் கிருமியும் உள்ளே மாட்டிக்கும். சில நாள்ல பச்சை நிறம் தெரியும். அது பூஞ்சை இல்ல, சூடோமோனாஸ்ங்கிற பாக்டீரியா, ஈரம் தேங்கின இடத்துல வளரும். பச்சை பார்த்தா அந்த நகத்தை முழுசாக் கழட்டி, வெறும் நகமா உலர வைங்க. திரும்ப மூடக் கூடாது. கிருமி போனப்புறமும் கறை வளர்ந்து வெளியேறுற வரைக்கும் இருக்கும். வலி, வீக்கம், நகம் பிரியிறது இருந்தா டாக்டர். அந்த ஃபைலை வேற விரலுக்குப் பயன்படுத்தாம தூக்கிப் போட்டுருங்க.

தூக்கின பகுதியை நிப்பர் வச்சுக் கடிச்சு எடுக்கிற பழக்கமும் இருக்கு. ஒட்டியிருக்கிற பக்கமும் சேர்ந்து உரியும். தூக்கின இடம் மறையிற வரைக்கும் மேலேர்ந்து ஃபைல் பண்ணி இறக்கணும்.

அனுப்பானடி_அக்கா:
டிரில் மெஷின் பத்தியும் ஒரு வார்த்தை. ரீஃபில்ல நகக்கண் பக்கம் அதைச் சாய்ச்சுப் பிடிச்சா சொந்த நகத்துல சிவப்பா பிறை மாதிரி பள்ளம் விழும். நகம் வளர வளர அந்தப் பள்ளம் முன்னாடி நகரும், நடுவுக்கு வர்றப்போ அங்கேயே ஒடியும். என்னைக் கேட்டா கைப்பழக்கம் வர்ற வரைக்கும் சொந்த நகத்துப் பக்கம் மெஷினே வேணாம், கை ஃபைல் போதும்.

நகவேலை_மதுரை:
அக்கா, மெஷின் மேல பழி வேணாம். பிட்டை (மெஷினோட சுத்துற முனை) நகத்துக்கு இணையாப் படுக்க வச்சு, அழுத்தாம, வேகம் குறைச்சு, ஒரே இடத்துல நிறுத்தாம ஓட்டினா கை ஃபைலை விடத் துல்லியம். 80 கிரிட் ஃபைலை அழுத்தி இழுத்தா அதுவும் அதே பள்ளத்தைப் போடும். ஆனா பழகாத கை அக்ரிலிக் மேற்பரப்பைத் தாண்டி இறங்கக் கூடாதுங்கிறதுல எனக்கும் சம்மதம்.

கழட்டுறதுக்கு வர்றேன். இதைத்தான் எல்லாரும் அவசரத்துல கெடுக்குறாங்க.

நீளத்தை வெட்டிருங்க. மேல இருக்கிற ஜெல் டாப் கோட்டையும் அக்ரிலிக் கனத்துல பாதிக்கு மேலயும் 100 கிரிட் ஃபைலால இறக்குங்க, மெல்லிய அடுக்கு மிச்சம் இருக்கணும். டாப் கோட்டை எடுக்காம அசிட்டோன் வச்சா உள்ளே இறங்கவே இறங்காது. சுத்தியிருக்கிற தோலுக்கு வாசலின் தடவுங்க. நகத்தளவு பஞ்சை சுத்தமான அசிட்டோன்ல நனைச்சு வச்சு, அலுமினிய ஃபாயில் சுத்தி இறுக்குங்க. கடையில கிடைக்கிற சாதாரண நெயில் பாலிஷ் ரிமூவர்ல தண்ணியும் எண்ணெயும் கலந்திருக்கும், நேரம் அதிகமாகும். சூடு இருந்தா சீக்கிரம் இளகும், அதுக்கு ஃபாயில் சுத்தின கை மேல வெதுவெதுப்பான துண்டு போதும். அசிட்டோன் பாட்டிலை அடுப்புப் பக்கமோ சாமி விளக்குப் பக்கமோ கொண்டு போகவே கூடாது, அதோட ஆவியே தீப்பிடிக்கும்.

இருபது நிமிஷம் கழிச்சு ஒரு விரலை மட்டும் திறந்து பாருங்க. அக்ரிலிக் ஊறின அவல் மாதிரி இருந்தா மரக்குச்சியாலத் தள்ளினா வழுக்கிட்டு வரும். கெட்டியா இருந்தா புதுப் பஞ்சு வச்சு இன்னும் பத்து நிமிஷம். மொத்தம் முப்பது, நாப்பது நிமிஷம் ஆகும். தள்ளினா வராத இடத்தைச் சுரண்ட வேணாம், திரும்ப ஊற வைங்க. பத்து விரலையும் ஒரேயடியாத் திறந்தா காத்துல பட்டு திரும்ப இறுகிரும், ஒண்ணொண்ணா முடிங்க. டிப்பைச் சந்துல விட்டுத் தூக்குறது, ஏடிஎம் கார்டு, பல் குத்துற நூல் விட்டு அறுக்குறது எல்லாம் வீடியோவுல பார்க்கலாம். நகத்தோட மேலடுக்கு அதுலயே போயிரும், வெள்ளை வெள்ளையாத் திட்டுத் தெரியிறது அதான்.

முடிஞ்சதும் கை கழுவி, நகத்தைக் குட்டையா வெட்டி, 240 கிரிட்டால ஓரம் மட்டும் சீர் பண்ணி எண்ணெய் தடவுங்க. ஜோஜோபா எண்ணெய் நல்லா இறங்கும். வீட்டுல இருக்கிற தேங்காய் எண்ணெயும் தோலுக்கு நல்லதுதான். நகம் முழுசாப் புதுசாக அஞ்சாறு மாசம் ஆகும், சேதமான நகத்தைச் சரி பண்றது அந்த வளர்ச்சி மட்டும்தான். எந்த சீரமும் ராவிப் போன அடுக்கைத் திரும்பக் கொண்டு வராது.

திருநகர்த்தென்றல்:
நடுவுல ரெண்டு மாசம் விட்டு நகத்தை மூச்சு விட வைக்கணும்னு சொல்றாங்களே?

தோல்_மருத்துவம்:
நகம் காற்றிலிருந்து மூச்சு வாங்குவதில்லை. நகத்தை உருவாக்கும் வேர்ப்பகுதிக்கு வேண்டியதெல்லாம் இரத்தம் வழியாகப் போகிறது. நகம் திடமாக, தூக்காமல், நிறம் மாறாமல் இருந்தால் ரீஃபில் செய்துகொண்டே போகலாம். சும்மா சும்மா கழற்றுவதும் நகத்துக்கு ஒரு சுமைதான். மெலிந்திருந்தாலோ, பிரிந்திருந்தாலோ, அரிப்பு இருந்தாலோ விட வேண்டும், அது ஓய்வுக்காக அல்ல, சேதமான பகுதி வளர்ந்து வெளியேறுவதற்காக.

பயோட்டின் மாத்திரை பற்றியும் கேட்பார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்களுக்குப் பயோட்டின் குறைபாடு அரிது. அதிக அளவில் எடுத்தால் தைராய்டு, மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் போன்ற இரத்தப் பரிசோதனை முடிவுகள் தவறாக வரலாம் என்று 2017-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. எடுப்பவர்கள் பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். நகம் நடுவில் குழிந்து கரண்டி வடிவாக இருந்தால் இரும்புச் சத்தைப் பரிசோதியுங்கள், அது அக்ரிலிக் செய்த வேலை அல்ல. சர்க்கரை நோய் உள்ளவர்கள், கால் நகத்தில் பூஞ்சை உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். மஞ்சளித்துத் தடித்து உதிரும் நகத்தை மறைக்க அக்ரிலிக் போடவே கூடாது.

அறுவை சிகிச்சை, பிரசவத் தேதி இருந்தால் முன்கூட்டியே கழற்றிவிடுங்கள். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவிக்குச் செயற்கை நகமும் அடர் நிறமும் இடைஞ்சல், விரல் நீலம் பாரிக்கிறதா என்று கண்ணால் பார்க்கவும் முடியாது.

மல்லிப்பந்து:
ரேஷன் கடை கைரேகை மெஷினுக்கும் அதே கதைதான். நீள நகம் இருந்தா விரல் சதை தட்டையாப் பதியாது. கட்டைவிரலை மட்டுமாவது குட்டையா வச்சுக்கோங்க.

மேலூர்ப்பொண்ணு:
எல்லாருக்கும் நன்றி. கடைக்குப் போனா முதல்ல என்ன கேட்கணும்?

வைகைக்கரை:
லிக்விட் பாட்டில் லேபிளைக் காட்டச் சொல்லுங்க. சொந்த நகத்துக்கு எந்த கிரிட் ஃபைல்னு கேளுங்க. கழட்டுறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு கேளுங்க, "அஞ்சு நிமிஷத்துல எடுத்துரலாம்"னு சொன்னா வேற கடை பாருங்க. ஃபைல் புதுசாப் பிரிக்கிறாங்களா, இரும்புச் சாமான்களைச் சோப்புல கழுவிக் கிருமிநாசினியில ஊற வைக்கிறாங்களான்னு கண்ணால பார்த்துட்டு உட்காருங்க. ஆவணி முகூர்த்த நாள்ல எல்லாக் கடையிலயும் கூட்டம் இருக்கும், அதனால காலையில முதல் ஆளாப் போற மாதிரி நேரம் வாங்கிக்கோங்க.